பட்டி பார்த்த ஆறு கைகள்

மரக்காணத்துத் தேநீர்க் கடையில் நான் வாய் திறந்தால் மலையாளியாகிவிடுகிறேன். "கேரளாவாண்ணா?" என்பார் கடைக்காரர். முதலில் மறுத்துப் பார்த்தேன். இப்போது தலையாட்டிவிடுகிறேன், தேநீர் சீக்கிரம் வருகிறது. இலங்கையின் மன்னாரிலிருந்து தோணியில் வந்து எட்டு வருடம். மனைவியும் மகளும் பிறகு வருவதாக ஏற்பாடு. அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. நான் அகதி முகாமில் இருந்துகொண்டு, ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் அடிக்கிறேன்.

சுனாமியில் கடல் பொங்கிய அடுத்த வருடம், ஆரோவில்லில் வசிக்கும் ஹெலன் என்ற ஓவியர் உப்பளத்தையொட்டி ஒரு கொட்டகை எடுத்திருந்தார். சுவருக்கு வெள்ளை அடிக்க என்னைக் கூப்பிட்டார். மூலையில் ஒரு பெரிய பலகை. சாக்குத்துணி, கிழிந்த வலை, உப்புக்கல், மேலே பிளாஸ்டர்; அதில் ஆறு பள்ளம், கீழே ஏதோ கீறல்கள். பள்ளத்தைக் கண்டால் பெயிண்டருக்குக் கை அரிக்கும். பட்டிப் பசை வைத்து அடைத்தேன், தேய்த்தேன், பிரைமரும் அடித்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

ஹெலன், உப்பளத்தில் வேலை செய்யும் தனலட்சுமியோடு வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணா, இது பலகை இல்ல. ஆறு ஆள்," என்றார் ஹெலன்.

ஆறு உப்பளத் தொழிலாளர்கள் கை பதித்து, கீழே ஊர் எழுதிய ஓவியமாம். என் பயம் உடனே கணக்குப் போடத் தொடங்கியது: புகார் முகாமுக்குப் போகும், வெளியே போகும் அனுமதி ரத்தாகும், நாடு கடத்துவார்கள். கடத்தினால் மகளைப் பார்க்கலாமே என்று தோன்றியதும் பயமே குழம்பி நின்றுவிட்டது.

"ஏம்பா, முப்பது வருசம் உப்பு வாரி வெடிச்ச கை," என்றார் தனலட்சுமி. "ஒரே நாள்ல மொழுமொழுன்னு ஆக்கிட்டியே! என் மூஞ்சிக்கும் ஒரு கோட்டு அடிச்சிவுடு."

"தெரியாமச் செய்திட்டன் அக்கா."

சிரிக்கத்தான் நினைத்தேன், வேறொரு கை நினைவுக்கு வந்தது. மன்னாரில் கடைசி கிறிஸ்துமஸுக்கு வெள்ளை அடித்தபோது, மகள் சேற்றுக் கையைச் சுவரில் வைத்திருந்தாள். ஐந்து வயதுக் கை. அதன் மேலும் இரண்டு பூச்சு அடித்தேன். அவள் அழுதாள். "அடுத்த வருசம் வை," என்றேன். இப்போது அந்தக் கை எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாது.

ஹெலன் திட்டவில்லை, பலகையை வாசல் சேற்றோரம் கிடத்திப் புதிதாகப் பிளாஸ்டர் குழைத்தார். தனலட்சுமி என்னைப் பிடித்து இழுத்தார்.

"மத்தவங்கள நான் கூட்டியாரேன். மொதல்ல நீ வெய்யி. ஊரு எழுது."

'மன்னார்' என்று கீறினேன்.

"இது எங்கப்பா இருக்குது? இங்கேருந்து எந்த பஸ்ஸு?"

"பஸ் இல்லை அக்கா. தோணி."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைப் பிளாஸ்டரில் அழுத்தினார். "அசையாத, இறுகணும்," என்றார் ஹெலன்.

அசையவில்லை. கை மன்னாரின் மேல் குளிர்ந்துகொண்டிருந்தது. கால் மரக்காணத்து உப்புச் சேற்றில் மெல்லப் புதைந்துகொண்டிருந்தது.