டயர் இல்லாத மெஷின்

சர்வர் வாடகைக்கு விடும் வேலையில், கஸ்டமர் பொருளைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. குறை மட்டும் தெளிவாகத் தெரியும். போன் அடித்தாலே பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முறைத் தண்ணீர்

மன்னார்குடிப் பக்கம் அறுவடை மெஷின் புக்கிங் ஆப் நடத்துகிறவர் சேகர் அண்ணன். அவரிடம் இருந்தது விபிஎஸ். அதாவது ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பலருக்கு விடுவோம், அதில் ஒரு பங்கு. குறுவை அறுவடையில் ஆப் திணறிவிட்டது. சம்பாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஆறு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு அப்போதுதான் தஞ்சாவூர் ஆபீசுக்குத் திரும்பியிருந்தேன். இந்தக் கஸ்டமர் போனால் என் வேலையும் போகும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். விபிஎஸ் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, முழுக் கம்ப்யூட்டரும் ஒருவருக்கே என்கிற தனி சர்வர் சொந்த போர்வெல் மாதிரி என்று விளக்கினேன்.

"அப்ப போருதாம்மா. முறை வச்சுப் பாய்ச்சிப் பட்டது போதும்."

எலுமிச்சம்பழம்

தனி சர்வர் தயாரான அன்று பூ, சந்தனம், எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். சர்வர் சென்னையில் இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டு என் மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார். பழம் கையிலேயே இருந்தது.

"டயரே இல்லாத மெஷினை இப்பதாம்மா வாங்குறேன்."

சொல்லாமல் விட்டது

ஒன்றை மறைத்திருந்தேன். விபிஎஸ் இருக்கும் கம்ப்யூட்டர் பழுதானால், அந்தப் பங்கை வேறொன்றுக்குச் சீக்கிரம் மாற்றிவிடலாம். தனி சர்வர் பழுதானால், பாகம் மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "வித்தாச்சுல்ல, விடுங்க" என்றார் மேனேஜர். மனசு இரண்டு நாள்தான் தாங்கியது. போன் போட்டு, கான்வென்ட்டில் பழகிய 'சாரி'யை நாலு தடவை சொல்லி, விஷயத்தையும் சொன்னேன்.

"போர் போட்டேங்கறதுக்காக வாய்க்கால் மடையை அடைச்சுட்டேனா என்ன? பழசும் இருக்கட்டும்மா."

மழைக்கு முந்தின நாள்

சம்பா கதிர் சாயும் நேரம், மழை வரும் என்று அறிவிப்பு. ஊரே மெஷினுக்குப் பதிகிறது. மத்தியானம் தனி சர்வரில் டிஸ்க் போய்விட்டது. பதிவுகளின் நகல் பழைய விபிஎஸ்ஸில் இருந்ததால் ஆப்பை அதற்குத் திருப்பினோம். ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. சாயங்காலம் அவர் நம்பர் வந்தபோது நாலாவது ரிங்கில்தான் எடுத்தேன்.

"மெஷின் எல்லாம் வயல்ல இறங்கிடுச்சு. நீங்க முதல்ல போய்ப் பிள்ளையைப் பாருங்க."

இப்போது விபிஎஸ், தனி சர்வர் இரண்டையும் சேர்த்தே விற்கச் சொல்கிறார் மேனேஜர். என் பயத்துக்கு ஆபீசில் 'பேக்கேஜ்' என்று பெயர்.