ஏலக்காய் ஸ்டோரில் எடுத்த நகல்

கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அப்படியே நகல் எடுத்து வைக்க எந்த ஹார்டு டிஸ்க் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்று ஒரு வாரமாக மகன் என்னைப் பாடாய்ப்படுத்துகிறான். எனக்கென்ன தெரியும்? ஆனாலும் பெரிய மேதை மாதிரி, "முதல்ல நல்ல ரூம் வேணும்டா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில், கேரள மலையில் உடும்பஞ்சோலையில், நகலெடுக்க நாங்கள் தேர்ந்தெடுத்தது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைத்தான். நான் அங்கே காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். துபாய்க்குப் போன அண்ணன், அம்மாவுக்கு எழுத்து தெரியாதென்று ஒரு டேப் ரெக்கார்டரும் தன் குரல் பதிந்த கேசட்டும் அனுப்பியிருந்தான். அதற்கப்புறம் வேலைத்தளத்தில் விபத்து, போய்விட்டான். அம்மா தினமும் போட்டுக் கேட்டு நாடா தேய்ந்து கிறீச்சிட ஆரம்பித்தது. அறுந்தால் அவன் குரல் இல்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சன் சேட்டனிடம் இன்னொரு ரெக்கார்டர் இருந்தது. தொண்ணூறு நிமிஷ கேசட்டில் நாடா மெலிசு, சிக்கும் என்று அறுபதை வாங்கச் சொன்னதும் அவர்தான். ஒன்று பேச, எதிரே வைத்த மற்றது கேட்டுப் பதியும். அவ்வளவுதான் எங்கள் தொழில்நுட்பம். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் என்றால் பக்கத்து வீட்டு இருமலும் சேர்ந்துவிடும். ஸ்டோரில் சுவர் கனம். ஏலக்காய் வாசனை மூக்கில் ஏற, தும்மல் வரக்கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கேசட்டைக் கைவிட மனசில்லாமல் அம்மாவும் வந்திருந்தாள். "அம்மச்சி, மிண்டக்கூடாது" என்று சேட்டன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அண்ணன் பேச்சில் நடுநடுவே ஒன்றுமே இருக்காது. ஊரில் வாயாடி, மெஷினைப் பார்த்ததும் முழிக்கிறான் என்று கேலி செய்திருக்கிறேன்.

"சாப்ட்டியாம்மா?" என்றது அவன் குரல்.

"சாப்ட்டேன்யா. நீ சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

போச்சு என்று தலையில் கைவைத்தேன். அதற்குள் அவன், "நானும் சாப்ட்டேம்மா. முட்டி வலி எப்படி இருக்கு?" என்றான். மலை ஏறும்போதுதான் என்றாள். மெதுவாக ஏறு என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பேச இடம் விட்டு விட்டுப் பேசியிருக்கிறான்! நான் வேலைக்குப் போன பிறகு இருவரும் தினமும் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். நிறுத்தப் போன சேட்டன் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த மழைக்காலத்திலேயே பழைய நாடா அறுந்தது. பயமில்லை என்று நகலைப் போட்டேன். அண்ணன் கேட்டான், அம்மா வாயைத் திறக்கும் முன்பே கேசட்டிலிருந்த அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"இதுல நான் எங்கய்யா பேசுறது?" என்றாள். அப்புறம் அதைப் போடச் சொல்லவே இல்லை.

அம்மாவும் போய்விட்டாள். ஸ்டோர் இருந்த இடத்தில் தங்கும் விடுதி. இரண்டு குரலையும் மகன் புது டிஸ்கில் ஏற்றிவிட்டான், துளி குறையவில்லையாம். அண்ணன் விட்டுவைத்த இடம் மட்டும் அதில் இல்லை.