எண்ணெயிலும் மாறாத நீலம்

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். கப்பலில் வருகிற நிலக்கரியில் சாம்பல் எவ்வளவு, தாதுவில் செம்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நாசரேத் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள். பேய், பிசாசு என்று எங்கள் வீட்டில் பேச்செடுத்தாலே அப்பா முறைப்பார். அதனால்தானோ என்னவோ, இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

சித்திரை வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம் அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் மூடி போட்ட பெயிண்ட் டப்பா.

"தாது பாக்குற மேடம் நீங்கதானா? நான் சங்கு குளிக்கிறவன். ஒரு சாமான் கெடச்சிருக்கு. கப்பல்ல இருந்து விழுந்த தாதா என்னன்னு பாத்துச் சொல்லணும்."

டப்பாவைத் திறந்தார். அழுகின முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. கடல் தண்ணீருக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கட்டி கிடந்தது. பாதி கறுப்புச் சேறு, பாதி ஊதா. கத்தரிப்பூவின் ஊதா.

"எங்கன கெடச்சுது, அண்ணாச்சி?"

"கடலுக்குள்ள பாறைப் பாருக்கு அங்கிட்டு ஒரு பள்ளம் உண்டு. ஏழெட்டு ஆள் ஆழம். அடியில பூரா கறுப்புச் சகதி. சங்குன்னு நெனச்சுக் கையை விட்டேன், இது வந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல கொண்டு போயி பீரோவுல வச்சேன். நாலாம் நாளு பாத்தா, பீரோவுல இருந்த வெள்ளிச் சாமான் அத்தனையும் கருத்துக் கெடக்கு. பேத்தி கொலுசு, காப்பு, எம்பொண்டாட்டி செபமாலையில உள்ள சிலுவை, எல்லாம் கரி. கடல்ல செத்தவுக யாரோ இதுகூட வீட்டுக்கு வந்துட்டாவ, கொண்டு போயி கடல்லயே போட்டுட்டு வாங்கன்னு அவ ஒரே அழுகை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேத்துல இருந்து வாயு வருது. இந்த நாத்தம் இருக்குல்லா, அதுதான். வெள்ளியில பட்டா கருக்கும். திருநீறு போட்டுத் தேய்ங்க, போயிரும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது செபமாலை சொல்கிற வேதக்கார வீடு என்பது நினைவுக்கு வந்தது. "பல்பொடி போட்டாலும் போவும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்போ இது?" என்று கட்டியை வெளியே எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் ஈரம் உலர உலர ஊதா வடிந்து, அதன் இடத்தில் நீலம் ஏறியது. மயில் கழுத்தின் நீலம். அவர் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு விழுந்த இடம் மட்டும் ஊதாவாகி, ஒரு கண்போல் எங்களைப் பார்த்தது.

அந்தக் குணம் எந்தக் கல்லுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னலை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

செம்பும் கந்தகமும் சரிக்குச் சரி சேர்ந்தால் உண்டாவது கோவெலைட். எங்களுக்கு வருகிற தாதுவில் பொடியாக எப்போதாவது கண்ணில் படும். கட்டியாக நான் பார்த்ததே இல்லை. மறுநாள் வரிசையாகச் சோதித்தேன். நகத்தால் கீறினேன், கீறல் விழுந்தது. அவ்வளவு மிருது. ஊசியால் நெம்பினேன், அப்பளத் துணுக்கு மாதிரி ஏடு ஏடாகப் பெயர்ந்தது, வளைத்தால் வளைந்தது. மெருகில்லாத பீங்கான் ஓட்டில் உரசினேன், நீலக் கல் கறுப்புக் கோடு போட்டது. ஒரு துணுக்கை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினேன். அதுவே பற்றிக்கொண்டு நீலமாக எரிந்தது. தீப்பெட்டி மருந்து மாதிரி மூக்கில் ஏறியது. எல்லாமே கோவெலைட்டின் லட்சணம்.

ஆனால் உள்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. தண்ணீர் விட்டாலும் அது ஊதாவாகவில்லை. நீலமாகவே கிடந்தது.

இதைத் தீர்க்க ஒரே வழி, வெட்டி, பளபளவென்று தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. தாதுக் கட்டி வந்தால் எப்போதும் செய்கிறதுதான். வைர ரம்பத்தில் வைத்துக் கட்டியைக் குறுக்கே அறுத்தேன். அறுக்கும்போது ஒரு இடத்தில் சத்தம் மாறியது. கல்லில் போய்க்கொண்டிருந்த ரம்பம் திடீரென்று கம்பியில் பட்டதுபோல ஒரு கீச்சு. நான் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வெட்டு முகத்தைத் தேய்த்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. நுண்ணோக்கியில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தேன். வெளி வளையம் எண்ணெய் பட்டதும் செவ்வூதாவாக மாறியது. கோவெலைட். அதற்கு உள்ளே இருந்த வளையம் மாறவே இல்லை. நீலம், அதே நீலம். எண்ணெயிலும் நீலம் மாறாத ஒரு வகை உண்டு என்று படித்திருக்கிறேன். யாரோவைட் என்று பெயர். கோவெலைட்டை விட அதில் செம்பு கொஞ்சம் கூடுதல், கிடைப்பது அபூர்வம். நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பத் திருப்ப, ஒளிவடிகட்டிகளுக்கு நடுவே இரண்டு வளையங்களும் தணல்போலக் கனன்று அணைந்து மறுபடி கனன்றன. யாரோ ஊதிவிடுகிற மாதிரி இருந்தது.

சந்தோஷத்தில் உள்ளே உள்ளே போனேன். நட்டநடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. தாதுவே இல்லை, அசல் செம்பு. சரியான வட்டத்தில், கம்பி மாதிரி.

சுரங்கத்துக் கல்லில் கம்பி இருக்காது.

வெளி விளிம்புக்குத் திரும்பினேன். முதலில் நான் கவனிக்காமல் விட்ட குட்டிக் குட்டி வட்டங்கள் அங்கே வரிசை கட்டி நின்றன. ஒரு வரிசை மேலே, ஒன்று கீழே, இடையில் அலைபோல வளைந்து போகிற கோடு. மேலே, கீழே, மேலே, கீழே. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. அது நெசவு. துணி எப்போதோ மக்கிப் போய்விட்டது. ஒவ்வொரு இழையின் இடத்திலும் நீலம் போய் உட்கார்ந்திருக்கிறது.

அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே லாரிகள் போகிற சத்தம். பட்டப்பகல். ஆனாலும் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. விரலில் போட்டிருந்த வெள்ளி மோதிரம் கறுத்திருந்தது. காரணம் தெரியும். சங்கு குளிக்கிறவரிடம் நானே விளக்கிச் சொன்ன காரணம். இருந்தும் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இரண்டு துண்டுகளையும் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தூரிகையால் மெதுவாகச் சேற்றை எடுத்தேன். அதற்கே இரண்டு நாள் ஆனது. சேறு போகப் போக வடிவம் தெரிந்தது. வளையம். சேர்த்து வைத்தால் என் மூன்று விரல் நுழையும், நான்காவது நுழையாது. உள்ளே எலும்பு கிலும்பு ஒன்றுமில்லை, சேறுதான். குழந்தையின் கைக்காப்பு. துணியோடு சேர்த்துச் சுற்றப்பட்ட ஒரு கை எப்போதோ அதற்குள் இருந்திருக்கிறது. கல் என்று நினைத்து அதை நான் குறுக்கே அறுத்திருக்கிறேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி திருநெல்வேலியில் பேராசிரியை. ஒரு சிட்டிகைப் பொடியை அவளுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். கோவெலைட், யாரோவைட், இரண்டும் இருக்கிறது என்றாள். "எந்தச் சுரங்கம்டி? இது ரொம்ப அபூர்வமாச்சே!" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தபோது மனைவியும் கூட வந்திருந்தார். ஒல்லியான பெண். வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்று நின்றார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். காற்றுப் புகாத சேற்றில் கிடந்தால் செம்பு இப்படி ஆகும் என்றேன். எத்தனை காலத்துக்கு முந்தையது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். காப்பு என்று சொன்னதும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடிப் பாத்திரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து பேத்தியின் வெள்ளிக் காப்பை எடுத்துப் பாத்திரத்துக்கு மேலே பிடித்தார். அதில் கறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

இரண்டும் ஒரே அளவு.

"ரெண்டு வயசு" என்றார். "எம்பேத்திக்கு ரெண்டு வயசு."

இரண்டு காப்பையும் பார்த்தேன். "நான்தான் அறுத்தேன். கல்லுன்னு நெனச்சேன், தெரியாமப் போச்சு" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியாமத்தான செஞ்சீங்க. இனிமே இதுல ரம்பம் வைக்காதீங்க. அது போதும்."

"சரி, தாங்க. இன்னிக்கே கொண்டு போயி எடுத்த எடத்துலயே போட்டுருதேன்" என்றார் கணவர்.

"மறுபடியும் கடல்லயா?" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கைப்பிள்ளையை அந்த இருட்டுக்குள்ளயே கொண்டு போடச் சொல்லுதீங்களா?"

"ஏளா, நீதான சொன்ன!"

"அப்போ எனக்குத் தெரியாதுல்லா!"

பழைய பொருளை நாம் வைத்துக்கொள்ளக் கூடாது, அரசாங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மா யோசித்தார். கொடுக்கலாம், ஆனால் சர்ச்சில் ஒரு பூசை வைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார். எந்த மதத்துப் பிள்ளையோ என்று கணவர் இழுத்தார். "பிள்ளைதான?" என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நானும் போனேன். பெயர் தெரியாத ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி சாமியார் பீடத்தில் அறிவித்தார். ஏன் என்று கோயிலில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா பாத்திரத்தைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தார். ஜெபத்தின் நடுவே துண்டு கொஞ்சம் விலகியது. தண்ணீருக்குள் வெளிப்பக்கம் ஊதா, நான் அறுத்த முகத்தில் நீலம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போய் உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தோம். நான் தேய்த்து வைத்திருந்த துண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். தண்ணீரை விட்டு எடுக்காதீர்கள், காய்ந்தால் பொடிந்துபோகும் என்று எழுதியும் கொடுத்தேன். இளம் அதிகாரி ஒருவர் படிவத்தில் எழுதினார். "செம்புக் காப்பு, இரண்டு துண்டு" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏன் மேடம் ரெண்டு துண்டு?" என்று கேட்டார்.

"ஆய்வுக்காக நான் அறுத்தேன். அப்படியே எழுதுங்க" என்றேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மா எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் உப்பளங்கள் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. பாத்திரத்தைக் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அவருடைய இரண்டு கைகளும் மடியின்மேல், பாத்திரத்தின் அகலத்துக்கு விரிந்தபடியே இருந்தன. பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கைகள் எதையோ பிடித்துக்கொண்டன. நான் பார்ப்பதை அவர் கவனித்தார். கைகளை எடுக்கவில்லை.