செத்த புருஷன் திரும்பி வருவான்

எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெண் நல்லவளா கெட்டவளா என்பதை ராத்திரி எட்டரை மணிக்கு டிவிதான் தீர்மானிக்கும். தழையத் தழையப் புடவை கட்டி, புருஷன் மிதித்தால் அவன் காலுக்கு வலித்திருக்குமே என்று கண் கலங்குகிறவள் நல்லவள். உதட்டுச் சாயம் பூசி, கையில்லாத ரவிக்கை போட்டு, கண்ணாடி முன்னால் தனியாகச் சிரிக்கிறவள் வில்லி. இரண்டுக்கும் நடுவில் பெண் ஜாதியே கிடையாது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வரும் எங்கள் மண்டையில் இந்தப் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

ஜெனிபர் இதில் எந்தப் பக்கம் என்பதுதான் தகராறு. ரப்பர் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஆறாம் வருஷம், குடித்துவிட்டு ஹைவேயைக் கடந்த அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். பிள்ளை இல்லை. வெளிறிப்போன புடவையில் அவள் நடமாடிய வரைக்கும் லைனே உச்சுக் கொட்டியது. அப்புறம் ஒரு நாள் உதட்டில் லேசான சிவப்போடு கம்பெனி பஸ் ஏறினாள். அன்றைக்கே வில்லி ஆகிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாக்கியராஜை அவள் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்ததும், எங்கள் ரோசம்மாள் குழாயடியில் பெருந்தன்மையாக ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். விதவைக்குச் சீரியலிலும் கல்யாணம் நடக்கும்தான். ஆனால் அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழ வேண்டும், மாமனார் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான் கட்டிக்கிறேன்னு சொல்லுடி. கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

"இன்னா பாதுகாப்பு? எனக்கு அவர புடிச்சிருக்குக்கா. தனியா படுக்க முடியல" என்றாள் ஜெனிபர், குடத்தைப் பிடித்துக்கொண்டே.

இப்படி ஒரு வசனத்தை எந்த நல்லவளும் எந்தச் சேனலிலும் பேசியதில்லை. ரோசம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. குடம் நிரம்பி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ரோசம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனிலேயே பெரிய டிவி அவள் வீட்டில்தான். அவள் புருஷன் ஆசீர்வாதம் சூளூர்பேட்டையில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்கு ஒரு சட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைப்பாள். சட்டைகளுக்கு இடம் போதாமல் தன் புடவைகளை டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டாள். அவளைப் போல ஒரு பத்தினி உண்டா என்று மெச்சிக்கொண்டே நாங்கள் அவள் டிவியைப் பார்ப்போம்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். ஜெனிபருக்கு மூன்றாம் ஓலை வாசிக்க இருந்த வாரம் சீரியலில் ஒரு இடி விழுந்தது. செத்துப்போன கதாநாயகன், பெண்டாட்டி மணமேடையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றான். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசம்மாள் நேரே சாமியார் அறைக்குப் போனாள். ஜெனிபரும் பாக்கியராஜும் அவன் அம்மாவும் கல்யாண விஷயம் பேச அங்கேதான் நின்றிருந்தார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். வேடிக்கை பார்க்கத்தான், வேறு என்ன?

"தடை இருக்குது சாமி. அவ புருஷன் மூஞ்ச யாரும் பாக்கல. துணி சுத்திதான் பொட்டில வெச்சாங்க. செத்தது வேற ஆளா இருந்தா? இவ கட்டிக்கினப்புறம் அவன் வந்து நின்னா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தச் சீரியல்ல புருஷன் திரும்பி வந்துட்டானா? எங்களுக்கு அன்னிக்கு கரண்ட் இல்ல."

சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் பாக்கியராஜின் அம்மா சிரிக்கவில்லை. அந்தம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முன்பே அரை மனசு. தடை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் கல்யாணம் அங்கேயே நின்றுவிடும்.

"நீ பாத்தியாம்மா?" என்றார் சாமியார் ஜெனிபரிடம்.

"மூஞ்சி பாக்கல சாமி. கைய பாத்தேன். அந்தக் கைய எனக்குத் தெரியும். ஆறு வருஷம் தினமும் எம்மூஞ்சிக்குக் கிட்ட வந்த கை."

பாக்கியராஜ் தன் அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். ஜெனிபர் ரோசம்மாளிடம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"எக்கா, எங்கூட்டுக்காரன் செத்துட்டான், வரமாட்டான். உங்கூட்டுக்காரரு சூளூர்பேட்டைல உசுரோட இருக்காரு. அவரும் வரமாட்டாரு."

தடை ஒன்றும் இல்லை என்று சாமியார் சொன்னபோது ரோசம்மாள் அங்கே இல்லை.

கல்யாணத்துக்கு வந்தாள், பிரியாணியும் சாப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை மொய்யாகக் கொடுத்தாள். அன்றைக்கும் எட்டரைக்கு நாங்கள் அவள் வீட்டில் கூடினோம். திரும்பி வந்த புருஷன் காலில் கதாநாயகி விழுந்தாள். ரோசம்மாள் சட்டென்று ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றினாள். அங்கேயும் ஒருத்தி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இவ எவனுக்குடி அழுவறா?" என்றாள் ரோசம்மாள்.