சாட்சி சொன்னதும் நின்ற மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை என் அக்கா மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தவைத்தோம் என்று எழுதுவதுதான் சரி.

அக்கா கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முந்தைய வருடம் அவள் உடம்பு ஊதியது, குரல் கரகரத்தது. ஏப்ரலிலும் போர்வை கேட்டாள். பள்ளி விட்டு வந்ததும் படுத்துவிடுவாள். "இப்பிடி மடி பிடிச்சவள எவன் கெட்டுவான்?" என்று, அதைச் சோம்பல் என்றே நினைத்த பெரியம்மா அவள் காதுபடவே கேட்டாள். நெய்யாற்றின்கரை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு மிகக் குறைவு. அது குறைந்தால் இதயம், குடல், மூளை எல்லாம் மந்தமாகும் என்றார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க.

மூன்றே மாதத்தில் அக்கா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அம்மா அவளுக்காக உபவாச ஜெபம் இருந்திருந்தாள். எங்கள் சபையில் ஜெபம் பலித்தால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் தன் மகளைச் சுகமாக்கினார் என்று அம்மா சொன்னாள். டாக்டரும் மாத்திரையும் அதில் இல்லை.

மறுநாள் காலை மாத்திரை டப்பா அலமாரிக்குள் போனது.

"சொகமாச்சுன்னு சபையில சொல்லியாச்சு மக்கா. இனியும் குளிக தின்னா எஞ் சாட்சி பொய்யாவும்லா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அப்போது பத்திரிகை நிருபர். அடுத்தவர் சொல்வதைச் சரிபார்ப்பது என் தொழில். வீட்டில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. அதையே அம்மா அற்புதம் என்றாள். பிறகு போர்வை திரும்பி வந்தது. ஒருநாள் வகுப்பில் வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டு, சாக்பீஸுடன் அப்படியே நின்றாள் அக்கா. அடுத்தது என்னவென்று தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் போடுவேன் என்றார் தலைமையாசிரியர்.

அம்மாவுக்குத் தெரியாமல் அதே மாத்திரை வாங்கப் பனச்சமூடு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் சபைக்காரர்.

"இது யாருக்கு? ஒங்க அக்காளுக்குத்தான் சொகமாச்சே!"

"எனக்காக்கும்" என்றேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொல்லி மாத்திரையை நீட்டினேன். மெதுவாகச் சிரித்தாள்.

"அப்ப நீயே தின்னுலே. களவா தின்ன நான் என்ன தப்பு செய்தேன்?"

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவளே எழுந்தாள். பேச்சு இழுத்தது.

"எனக்கு தைராய்டு உண்டு. குளிக தின்னுதான் சொகமானேன். நிறுத்துனதும் கணக்கு மறந்து போச்சு. நாளையிலேருந்து தின்னப்போறேன்."

பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். வாசலில் அம்மா, "என்ன நாணங்கெடுத்திட்டியே" என்று அழுதாள். அக்கா நிற்காமல் நடந்தாள்.

மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும். தலைமையாசிரியர் அதுவரை காத்திருக்கவில்லை. இரண்டு மாதத்தில் அக்காவுக்குக் கணக்கு முழுதாகத் திரும்பி வந்தது. வேலை வரவில்லை. அம்மா அதற்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து சாட்சி சொன்னதில்லை.