இடது பக்கக் கைப்பிடி

ஆவணி மாதத்து ஒரு சாயங்காலம் எங்கள் படுக்கையறை ஜன்னல் என் கணவரை நனைத்துவிட்டது. நான் வேலை முடிந்து ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வெள்ளானூர் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கட்டிலில் மெத்தை ஊறிக் கிடந்தது. அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஜன்னல் கதவு காற்றில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

"மூட முடியல" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். கூப்பிட மாட்டார் என்பது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன், கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதுவரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து பாத்ரூம் வரை போகிறார். பேச்சும் வந்துவிட்டது, களைத்தால் மட்டும் நாக்கு தடிக்கும். வலது கைதான் வரவில்லை. தினமும் காலையில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பந்து அப்படியே இருக்கும்.

வலது கை வராதது ஒரு கஷ்டம் என்றால், இடது கையை அவர் சேர்த்துக்கொள்ளாதது இன்னொரு கஷ்டம். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் நம்மிடம் எப்படிப்பட்ட மரியாதைக் குறைவு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை நான் அவருடைய இடது கைக்கு நேராக நீட்டினால் வாங்க மாட்டார். "அங்க வை" என்பார். ஸ்டூலில் வைத்துவிட்டு நான் திரும்பிய பிறகுதான் டம்ளர் எழும்பும். சாப்பாடும் அப்படித்தான். நான் ஊட்டினால் கௌரவம் போகிறது, ஸ்பூனை இடது கையில் பிடித்தால் இன்னும் போகிறது. யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் ஸ்பூனைத் தட்டில் போட்டுவிட்டு, பசியில்லை என்று சொல்லிவிடுவார். பட்டினி கிடந்தாவது காப்பாற்ற வேண்டிய கௌரவம் எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்ட அன்றே ஜன்னலை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். வீடு கட்டும்போது கையிருப்புக்கு ஏற்ற நாட்டு மரத்தில் செய்த ஜன்னல் அது. தேக்கு என்று ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்ததோடு சரி. கீழ்ச்சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டது. கதவு வெளிப்பக்கம் திறக்கும். மூட வேண்டுமானால் எழுந்து நின்று, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, எட்டிக் கொக்கியைப் பிடித்து இழுக்க வேண்டும். நல்ல உடம்புக்காரருக்கே அது சிறு சர்க்கஸ்தான். கட்டிலில் உட்கார்ந்தபடி ஒற்றைக் கையால் நடக்கிற காரியமல்ல.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். நான் வீட்டில் இல்லாத பகலில், மழை வந்தால் அவரே மூடவும் வெயில் வந்தால் அவரே திறக்கவும் வேண்டும். விலை கட்டுப்படியாக வேண்டும், பிறகு என் வாழ்நாளில் இன்னொரு தடவை ஜன்னலைப் பற்றி யோசிக்கக் கூடாது. இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் ஆலோசனை பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார்களே தவிர, மனைக்குள் கட்டப்பட்ட வீடுகள் மீது அக்காவுக்கு இன்னும் ஒரு உரிமை உண்டு.

"இன்னாமா, ஜன்னலு மாத்தப் போறியாமே? மரத்துல மட்டும் போட்றாத. இந்த மண்ணுல கரையான் ஜாஸ்தி. எங்க ஊட்டு நெலவாசலையே துன்னுட்ச்சி."

"இரும்புல போடலாமாக்கா?"

"இரும்பு துரு புட்ச்சிக்கும். வர்ஷா வர்ஷம் பெயின்ட் அடிச்சிகினே கெடக்கணும். உனக்கு ஏது நேரம்? இவரப் பாப்பியா, ஜன்னலப் பாப்பியா?"

அதில் மறுக்க ஒன்றுமில்லை. மரமும் இரும்பும் போனால் மிச்சம் அலுமினியமும், யூபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லிக்குப் போக ஆரம்பித்தேன். மெட்ரோ வேலையின் புழுதி அடங்காத சாலையோரம் வரிசையாகக் கடைகள். வேலப்பன்சாவடிப் பக்கமும் இரண்டு மூன்று பார்த்தேன். கடைக்குள் மாதிரி ஜன்னல்கள் தரையில் நிற்கும். திறந்தால் எதிரே சுவர், அடுத்ததைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். சத்தம் வராது, தூசி வராது, கொசு வராது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். காற்று வருமா என்று கேட்டேன், அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்கள்.

சுற்றியதில் சில விஷயங்கள் பிடிபட்டன. அலுமினியம் மலிவு, ஆனால் மலிவிலும் மலிவானதை வாங்கினால் காற்றுக்குத் தடதடக்கும். யூபிவிசியில் வெளியே எல்லாமே ஒரே வெள்ளை. வெட்டிய துண்டை வாங்கி உள்ளே இரும்புப் பட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் வளையும். வெயில் பட்டால் மஞ்சளாகிறதா என்று கடைக்காரரைக் கேட்பதைவிட, கடை வாசலில் நிற்கிற மாதிரியின் முதுகுப்பக்கத்தைப் பார்ப்பது மேல். இதையெல்லாம் கற்றுக்கொண்டபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஆனால் எனக்கு வேண்டிய சோதனை வேறு. பூந்தமல்லியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கினேன். மாதிரி ஜன்னல் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சோத்தாங்கையால தள்ளுங்க மேடம், ஈஸியா போவும்."

"ஈஸியா எனக்கு வேண்டாங்க. வலது கை வராதவர் ஒருத்தர் உட்கார்ந்துகிட்டே திறக்கணும்."

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. அவரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் தள்ளிப் பார்த்தார். கதவிலேயே பள்ளமாக இருக்கிற பூட்டு, விரலில் பலமில்லாவிட்டால் நழுவியது. அதற்குப் பதில் முழு உள்ளங்கையும் கொள்கிற பெரிய கைப்பிடி போடலாம் என்று தீர்மானித்தோம். கம்பி வெளிப்பக்கம், வழுக்கி நகரும் கதவுகள் உள்பக்கம். கைப்பிடிக்குத் தனி விலை என்பதால் இடது பக்கக் கதவுக்கு மட்டும் போதும் என்றேன். வலது பக்கக் கதவில் பள்ளப்பூட்டே இருக்கட்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. அவரிடம் "நல்ல ஜன்னல் கிடைச்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

பொருத்த வந்தவர் பழைய சட்டத்தைப் பெயர்த்தபோது கரையான் மண் கூடை கூடையாகக் கொட்டியது. மத்தியானத்துக்குள் புதிய ஜன்னல் நின்றது. அக்கா மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து வெள்ளைச் சட்டத்தில் பொட்டு வைத்தார். பிளாஸ்டிக்குக்குப் பொட்டா என்று நான் சிரித்தேன். ஊட்டுக்கு வாசலும் ஜன்னலும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு, என் கணவரைப் பார்த்துத் திரும்பினார்.

"நீதான் மொதல்ல தொறக்கணும் தம்பி. சோத்தாங்கைய வச்சித் தொற."

அக்கா யோசிக்காமல் சொல்லிவிட்டார். வழக்கமாகச் சொல்வது வாயில் வந்துவிட்டது. என் கணவர் மறுக்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கினார். அதைக் கைப்பிடியில் வைக்கப் பார்த்தால், வலது கைக்கு நேரே இருந்த கதவில் கைப்பிடி இல்லை.

"இந்தப் பக்கம் ஏன் இல்ல?"

"உங்களுக்கு இடது பக்கம்தானே வசதி" என்றேன்.

பொருத்த வந்தவர் நல்ல மனதோடு, "பயப்படாதீங்க சார், இருவது வர்ஷத்துக்கு இது அப்படியே இருக்கும்" என்றார்.

என் கணவர் கையை மடியில் இறக்கிவிட்டார். ஜன்னலை நான்தான் திறந்தேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது. எல்லோரும் போன பிறகு நான் சிமெண்ட் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"முடிவு பண்ணிட்டியா?"

"எதை?"

"இந்தக் கை வராதுன்னு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஞாயிறு ஞாயிறாகப் புழுதியில் அலைந்தேனே, கடையில் ஊர் பார்க்க ஒற்றைக் கையோடு உட்கார்ந்தேனே என்று நினைத்தேன். "உங்க கை வர்ற வரைக்கும் மழை காத்துக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் வாய் கசந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஜன்னலை அவர் தொடவில்லை. காலையில் நான் திறந்துவைத்துவிட்டு வேலைக்குப் போவேன், மேகம் கறுத்த நாளில் மூடிவைத்துவிட்டுப் போவேன். அறை புழுங்கும், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ரயிலில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். உழைக்கும், தாங்கும், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதெல்லாம் கடையில் கேட்க எவ்வளவு தெம்பாக இருந்தது! அதே வார்த்தையைத் தன் கையைப் பற்றிச் சொன்னதாக அவர் கேட்டிருக்கிறார். மருத்துவர்கூட இன்னும் கைவிடாத ஒரு கையை, நான் வெள்ளைச் சட்டம் போட்டு இருபது வருஷத்துக்கு மூடிவிட்டேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. உண்மையில் நான் முடிவு பண்ணிவிட்டேனா? அப்படியும் ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அதை நினைத்தால் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் திறந்த ஜன்னலோடு அவரை விட்டுவிட்டு வந்திருந்தேன். காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது, நம்பிவிட்டேன். நாலு மணிக்கு, நான் வேலை பார்க்கும் அம்பத்தூரில் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் கட்டிடம் தெரியாத மழை. போன் செய்தேன், எடுக்கவில்லை. அனுமதி கேட்டுக் கிளம்பிவிட்டேன். ரயிலிலும் ஆட்டோவிலும் அந்த ஊறிய மெத்தைதான் கண்ணில் இருந்தது. குடையைப் பிடித்தும் தொப்பலாக நனைந்து தெருமுனை திரும்பினேன்.

அக்கா தன் வீட்டு வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"மழ வரச்சொல்ல ஓடியாந்தேம்மா, உங்க ஊட்டு ஜன்னல மூடலாம்னு. அதுக்குள்ள தம்பியே மூடிகினு இருந்தாரு. நான் பாத்தா கூச்சப்படுவாருன்னு சத்தம் போடாம வந்துட்டேன்."

உள்ளே போனேன். ஜன்னல் இறுக மூடியிருந்தது. தரை காய்ந்திருந்தது, மெத்தை காய்ந்திருந்தது. அவருடைய சட்டையின் இடது கை மட்டும் முழங்கை வரை நனைந்திருந்தது. நான் துண்டை எடுத்து அந்தக் கைக்கு நேரே நீட்டினேன். ஸ்டூலில் வைக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அந்தக் கடைக்காரர் நம்பர் இருக்கா?"

"இருக்கு. ஏன், கதவு மக்கர் பண்ணுதா?"

"இல்ல, நல்லாத்தான் போகுது. வலது பக்கமும் ஒரு கைப்பிடி போடச் சொல்லு."

சரி என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுவாரமே கைப்பிடி வந்துவிட்டது. இப்போது அவர் இடது கையால்தான் ஜன்னலைத் திறக்கிறார், மூடுகிறார், அக்கா எதிரே உட்கார்ந்திருந்தால்கூட. காலையில் மஞ்சள் பந்தும் இருக்கிறது. வலது பக்கக் கைப்பிடியை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. கடையிலிருந்து வரும்போது ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் அதன் மேல் அப்படியே இருக்கிறது. ஜன்னலைத் துடைக்கும்போது அதை உரித்துவிடலாமென்று என் கை போகும். விட்டுவிடுகிறேன். அதை அவர் உரிக்கட்டும்.