தேசம்மா தொடையில் ஊறிய மருந்து

வலிக்குது என்று வந்தவரை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற தொழில்தான் பிசியோதெரபி. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். திருப்பதியில் எனக்கு வாய்த்தவர் தேசம்மா.

பாகாலாவில் தனியாக இருப்பவர். சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில், சீசனுக்கு நாளெல்லாம் நின்று பழம் நறுக்குகிற வேலை. காய்ச்சலில் இரண்டு மாதம் படுத்ததில் கால் சூம்பிவிட்டது, சர்க்கரை வேறு. சீசனுக்குள் நிற்க முடியாவிட்டால் மகன் ரவி தான் குடியிருக்கும் சத்தியவேட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். "மருமவ கையில சோறு வாங்கித் துன்னுக்கினு மூலையில குந்தமாட்டேன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

ஊசி போதும்

முதல் நாளே பாடம் எடுத்தேன். "தசை வேலை செய்யறப்ப ரத்தத்துல சில ரசாயனங்களை அனுப்புதும்மா. ஈரலுக்கு, எலும்புக்கு, மூளைக்குக்கூட சேதி போகுது. சர்க்கரையை அடக்கவும் ஒத்தாசை பண்ணுது. மாத்திரையை விடக்கூடாது. ஆனா இது உங்க தொடையிலயே ஊறுற மருந்து." என் பேச்சில் எனக்கே புல்லரித்தது. அந்த வேகத்தில், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன்.

தேசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ்ளோ நல்ல மருந்துன்னா ஊசியா போட்டுடு தம்பி. இன்னாத்துக்கு நாற்காலியோட மல்லுகட்டிக்கினு?"

பதில் ஆள்

அடுத்த வாரம் உள்ளே நுழைந்தால், ரவி பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது. "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல சார். இது அம்மாவோடது." பக்கத்து பெஞ்சில் அம்மா சாவகாசமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அட கடவுளே! ரவி தொடையில் ஊறுவது ரவி ரத்தத்துக்குத்தான் போகும், உங்களுக்குச் சொட்டுக்கூட வராது என்று கத்தாத குறையாகச் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "போன வருசம் என் வேண்டுதலுக்கு இவன்தான் மலைக்கு நடந்து ஏறினான். சாமியே ஏத்துக்கிச்சு, உன் நாற்காலி ஏத்துக்காதா?"

போட்டி

ஒருநாள் என் தொந்தியைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு அது ஊறுற மாதிரி தெரியலியே" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். எட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. அவரால் இரண்டுதான் முடிந்தது, ஆனால் இரண்டும் கையூன்றாத இரண்டு! அதன்பிறகு வந்த நாளெல்லாம் எங்களுக்குள் போட்டிதான். இடையில் இரண்டு நாள் கால் வலிக்கிறது என்று அழுதார், அழுதுகொண்டே எழுந்தார்.

ஏழாவது வாரம் நான் பன்னிரண்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதினைந்தை முடித்துவிட்டு எனக்குத் தண்ணீர் எடுத்து நீட்டினார். வரவேற்பில் இருக்கும் ஸ்வர்ணா எட்டிப் பார்த்து, முதலில் அவரையும் பிறகு என்னையும் காட்டித் தெலுங்கில் கேட்டாள்: "ஆமெ டாக்டரு, மீரு பேஷண்ட்டா சார்?" அந்தம்மா டாக்டராம், நான் பேஷண்ட்டாம்!

பாகாலா பஸ்

சீசன் தொடங்கிய அன்று ரவி லீவு போட்டுவிட்டு அம்மாவோடு ஆலைக்குப் போயிருக்கிறார். மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படியே சத்தியவேட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்று நினைப்பு. அங்கே கட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று. வாசலிலேயே காத்திருந்தவருக்குச் சாயங்காலம் சங்கு ஊதிய பிறகுதான் அம்மா கண்ணில் பட்டாராம்.

ரவி போனில் இதைச் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைப்பானேன்! திரும்பி வரும்போது பாகாலா பஸ்ஸில் நிற்கத்தான் இடமாம். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்ததும், தேசம்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்திருக்கிறார். "நீ குந்து கண்ணு. எனக்கு உள்ள மருந்து ஊறிக்கினு கீது, கெடுத்துடாத."

இத்தனை வருஷத்தில் நான் நிமிர்ந்து சொல்லிக்கொள்ளும்படி தேறிய கால்கள் அவைதான், பன்னிரண்டைத் தாண்டாத என் கால்களை மட்டும் தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம்.